முதல் நெட்வொர்க்கிங் சான்றிதழ் எது? சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ், ஜூனிபர், மைக்ரோடிக், கிளவுட்: ஓர் ஒப்பீடு

நெட்வொர்க்கிங் வேலைக்குப் போக நினைக்கும் ஒருவர் முன்னால் இன்று குறைந்தது ஆறேழு சான்றிதழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், ஒவ்வொன்றையும் கற்றுத்தரப் பத்துப் பயிற்சி மையங்கள், ஒவ்வொன்றையும் "இதை எடுத்தால் போதும்" என்று சொல்ல நாலு பேர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் படித்துவிட்டுச் சென்னையிலோ பெங்களூரிலோ முதல் வேலை தேடுகிறவர் எடுக்க வேண்டியது, ரவுட்டர், சுவிட்ச் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ. அதையும் பெரும் பணம் கட்டிப் படிக்கத் தேவையில்லை. பாடமும் பயிற்சிக்கான மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பரீட்சைக் கட்டணம்தான் உண்மையான செலவு. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் அந்தச் செலவைப் பார்த்துவிடுவோம். சிசிஎன்ஏ பரீட்சைக்குக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 354 டாலர். ரூபாயில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். தோற்றுப்போனால் ஐந்து நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம், ஆனால் கட்டணத்தை முழுதாகத் திரும்பக் கட்ட வேண்டும். பல வீடுகளில் இது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதனால்தான் 'எது நல்லது' என்பதோடு நில்லாமல், 'எந்த வரிசையில், எப்போது' என்றும் யோசிக்கச் சொல்கிறேன். சரியான சான்றிதழைத் தவறான நேரத்தில் எடுத்தாலும் பணம் போனது போனதுதான்.

முதல் வேலை எப்படி இருக்கும்?

சான்றிதழைத் தேர்ந்தெடுக்கும் முன் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'நாக்' எனப்படும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் எல்1, அதாவது முதல் நிலை வேலை. ஓஎம்ஆரிலும் அம்பத்தூரிலும் இருக்கும் ஐடி சேவை நிறுவனங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் நெட்வொர்க்கை இங்கிருந்தே கவனித்துக்கொள்கின்றன. 24 மணி நேரமும் ஷிஃப்ட். திரையில் அலாரம் வரும். ஏதோ ஒரு கிளையின் லிங்க் விழுந்திருக்கும். டிக்கெட் போட வேண்டும், அந்த இணைப்பைத் தந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு சர்க்யூட் ஐடியைச் சொல்லிப் புகார் பதிய வேண்டும், ரவுட்டருக்குள் போய் இன்டர்ஃபேஸ் நிலையைப் பார்த்து எல்2 குழுவுக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

இன்னொரு பாதை ஃபீல்டு இன்ஜினியர். பைக்கில் கிளை கிளையாகப் போய் சுவிட்ச் மாற்றுவது, ரேக்கில் கேபிள் ஒழுங்குபடுத்துவது. மூன்றாவது, ஊருக்குள்ளேயே இருக்கும் இணையச் சேவை நிறுவனங்கள். மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் கேபிள் டிவி நடத்தியவர்கள் பலர் இன்று பிராட்பேண்ட் தருகிறார்கள். அங்கே ஃபைபர் இணைப்பின் இரு முனைக் கருவிகளான ஓஎல்டி, ஓஎன்யு, ஃபைபர் இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் எல்லாம் தெரிந்த ஆள் தேவை.

இந்த மூன்றில் எதற்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சான்றிதழும் மாறும்.

சிசிஎன்ஏ

1998இல் தொடங்கிய சான்றிதழ் இது. நடுவில் செக்யூரிட்டி, ஒயர்லெஸ், டேட்டா சென்டர் என்று பல சிசிஎன்ஏக்கள் தனித்தனியாக இருந்தன. 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ அவற்றை எடுத்துவிட்டு 200-301 என்ற ஒரே பரீட்சையாக ஆக்கியது. 2024 ஆகஸ்டில் அதே பரீட்சையின் 1.1 பதிப்பு வந்தது. நேரம் 120 நிமிடம். ரவுட்டிங் சார்ந்த பகுதிக்கு 25 சதவீதம், அடிப்படைகளுக்கு 20, சுவிட்சிங்கும் ஒயர்லெஸ்ஸும் சேர்ந்து 20, பாதுகாப்புக்கு 15, டிஎச்சிபி (கணினிக்கு ஐபி முகவரி தருவது), நேட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) போன்ற சேவைகளுக்கு 10, ஆட்டோமேஷனுக்கு 10. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பப் போக முடியாது. சில கேள்விகளில் உண்மையிலேயே கமாண்ட் அடித்துச் செய்துகாட்ட வேண்டியிருக்கும்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இந்திய வேலை விளம்பரங்களில் எல்1, எல்2 நெட்வொர்க் வேலை என்றாலே இந்தப் பெயர்தான் கண்ணில் படுகிறது. வளைகுடா நாடுகளின் விளம்பரங்களிலும் அப்படியே. மனிதவளத் துறைக்காரர் ஆயிரம் விண்ணப்பங்களை வடிகட்டும்போது தேடிப் பார்க்கும் சொற்களில் இதுவும் ஒன்று. அதைவிட முக்கியம், இதன் பாடத்திட்டம் நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

நான் புதியவர்களை நேர்காணல் செய்யும்போது விரும்பிக் கேட்பது ஒன்று உண்டு. "ஒருவர் தன் கணினியில் இணையம் வரவில்லை என்கிறார். பார்த்தால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. என்ன நடந்திருக்கும்?" டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் கணினி தானாகவே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டது என்று பலர் சொல்லிவிடுவார்கள். அதற்கு அடுத்த கேள்வியில்தான் படித்தவரும் செய்து பார்த்தவரும் பிரிகிறார்கள். "சரி, பக்கத்து மேசைக்காரருக்கு வருகிறதே?" இப்போது சர்வர் மேல் சந்தேகம் குறைகிறது. அந்த போர்ட் எந்த விலேனில் (சுவிட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இருக்கிறது, கேபிள் சரியா, தெரியாத கருவியைத் தடுக்கும் போர்ட் செக்யூரிட்டி அடைத்துவிட்டதா என்று யோசனை போக வேண்டும். சிசிஎன்ஏவுக்கு ஒழுங்காக லேப், அதாவது செய்முறைப் பயிற்சி, செய்தவர் இந்த இடத்தில் தயங்குவதில்லை.

நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கும் அப்படித்தான். 192.168.10.70 என்ற முகவரிக்கு /26 மாஸ்க் என்றால் அது எந்த நெட்வொர்க்? /26இல் ஒரு நெட்வொர்க்குக்கு 64 முகவரிகள்; 64, 64 ஆகத் தாண்டி எண்ணினால் 0, 64, 128, 192. ஆக 70 இருப்பது 64இல் தொடங்கும் நெட்வொர்க்கில், அதன் கடைசி முகவரியான பிராட்காஸ்ட் 127. காகிதம் இல்லாமல் பத்து விநாடியில் வர வேண்டும். நள்ளிரவு ஷிஃப்டில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு இன்னும் பாடம் நடத்தும் இடங்கள் உண்டு. ஃபிரேம் ரிலே, ரிப் என்ற பழைய தொழில்நுட்பங்கள் வாரக்கணக்கில் ஓடினால் அந்தக் குறிப்பு 200-301க்கு முந்தையது என்று புரிந்துகொள்ளுங்கள். இன்றைய பாடத்திட்டத்தில் ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் (ஒற்றை ஏரியா மட்டும்), ஐபிவி6, ஒயர்லெஸ் கண்ட்ரோலர், ஆட்டோமேஷனுக்கான ரெஸ்ட் ஏபிஐ, ஜேசன், ஆன்சிபிள், டெராஃபார்ம் இருக்கின்றன. அதேபோல ஒரு பெயர்ப் பலகையில் எம்சிஎஸ்இ இன்னும் இருந்தால், மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

நெட்வொர்க் பிளஸ்

காம்ப்டியா என்ற ஐடி தொழில் அமைப்பின் இந்தச் சான்றிதழ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. இப்போதைய பரீட்சை என்10-009, 2024 ஜூனில் வந்தது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. பாடமாகப் பார்த்தால் மிக நல்ல பாடம். பழுது கண்டறியும் பகுதிக்கு 24 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. கேபிள் வகைகள், ஆவணப்படுத்தல், பேரிடர் மீட்பு என்று சிசிஎன்ஏ மேலோட்டமாகத் தொடும் விஷயங்களை இது நிதானமாகச் சொல்கிறது.

ஆனாலும் தமிழ்நாட்டில் வேலை தேடுகிறவரை இதற்குப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன். இதன் மதிப்பு அமெரிக்காவில் வேர்விட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் கணினி அமைப்புகளைக் கவனிப்பவர்களுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று 8570 என்ற உத்தரவில் பட்டியல் போட்டது. அதில் நெட்வொர்க் பிளஸ் இருந்தது. இப்போது 8140 அதன் இடத்தில் வந்திருக்கிறது. அந்தத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்கள் எல்லாம் இதைக் கேட்டதால் அங்கே இதற்கு ஒரு சந்தை உருவானது. நம் ஊரில் அப்படி ஒரு கட்டாயம் எதுவும் இல்லை. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ குடியேறி, அங்கே ஹெல்ப்டெஸ்க் வேலையில் தொடங்கப் போகிறவருக்கு இது முதல் சான்றிதழாக இருக்கலாம். இங்கேயே இருப்பவர் பாடத்திட்டத்தை இறக்கிப் படித்துக்கொண்டு, பரீட்சைப் பணத்தைச் சிசிஎன்ஏவுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இதற்கும் கீழே சிசிஎஸ்டி என்று சிஸ்கோ 125 டாலரில் ஒன்று வைத்திருக்கிறது. பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குக் கல்லூரியே ஏற்பாடு செய்தால் எழுதலாம். கைக்காசு போட்டு வேண்டாம்.

ஜூனிபரும் மைக்ரோடிக்கும்

சிஸ்கோவைப் போலவே ரவுட்டர் தயாரிக்கும் ஜூனிபரின் முதல் நிலைச் சான்றிதழ் ஜேஎன்சிஐஏ-ஜூனோஸ்: 90 நிமிடம், 65 கேள்விகள். சிசிஎன்ஏவைவிடக் கட்டணமும் குறைவு, பாடமும் சிறியது. பயிற்சி வீடியோக்களை ஜூனிபர் இணையத்தில் இலவசமாகவே தந்துவந்திருக்கிறது, அதற்குள் இருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தேர்வில் தேறினால் பரீட்சைக் கட்டணத்தில் பெரிய தள்ளுபடியும். 2025 ஜூலையில் எச்பிஇ நிறுவனம் ஜூனிபரை வாங்கிவிட்டது. அதனால் பதிவு செய்யும் முன் பரீட்சையின் பெயரையும் விதிமுறைகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய இணையச் சேவை நிறுவனங்களின் மையப் பகுதியிலும் டேட்டா சென்டர்களிலும் ஜூனிபர் நிறைய இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது அது கற்றுத்தரும் வேலை ஒழுக்கம். சிஸ்கோ கருவிகளை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருளில் ஒரு கமாண்டை அடித்து என்டர் தட்டியதுமே அது செயலுக்கு வந்துவிடும். ஜூனிபரின் ஜூனோஸில் நீங்கள் மாற்றுவது ஒரு வரைவைத்தான். எல்லாம் சரி என்று பார்த்து 'கமிட்' கொடுத்த பிறகுதான் அமலாகும். 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு: பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தூரத்து ஊரில் இருக்கும் ரவுட்டரில் கை வைக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது செய்து பார்த்தவருக்குத் தெரியும்.

சிஸ்கோவில் அந்த நிம்மதி இல்லாத இடத்துக்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன், ஏனென்றால் முதல் வேலையிலேயே இதைச் சந்திப்பீர்கள். இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவே பல விலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் இணைப்பில் விலேன் 10, 20 போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாக 30 சேர்க்க வேண்டும். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலேன் 30' என்று அடித்தால் 30 சேராது. பட்டியலே மாறி, 30 மட்டும்தான் மிஞ்சும். 10இலும் 20இலும் இருந்த அத்தனை பேரும் அந்த நொடியே துண்டிக்கப்படுவார்கள். நடுவில் 'ஆட்' என்ற ஒரு சொல் வந்திருக்க வேண்டும். நீங்களே விலேன் 10 வழியாகத்தான் அந்தச் சுவிட்ச்சுக்குள் போயிருந்தீர்கள் என்றால் திருத்தவும் வழியில்லை, யாராவது நேரில் போக வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் ஆபத்தான மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிட்டுத் தொடங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகி, சேமித்து வைத்திருந்த பழைய அமைப்போடு எழுந்து வரும். எல்லாம் நல்லபடி முடிந்தால் அதை ரத்து செய்துவிட்டுச் சேமிக்க வேண்டியதுதான்.

சரி, முதல் சான்றிதழாக ஜேஎன்சிஐஏ போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். நீங்கள் சேரப்போகும் இடத்தில் ஜூனிபர் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் எடுங்கள். மற்றபடி சிசிஎன்ஏவுக்கு அடுத்த இரண்டு மாதங்களில் சேர்த்துக்கொள்ள இது அருமையான இரண்டாவது சான்றிதழ். அடிப்படை ஒன்றே என்பதால் புதிதாகப் படிக்க வேண்டியது ஜூனோஸின் நடைமுறை மட்டும்தான்.

முன்னால் சொன்ன ஊர் இணையச் சேவை நிறுவனங்கள் பக்கம் போகிறவர்களுக்கு என் பதில் வேறு. லாட்வியா நாட்டின் மைக்ரோடிக் ரவுட்டர்கள் அங்கே பரவலாக இருக்கின்றன. விலை குறைவு, பிபிபிஓஈ முறையில் (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து) இணையும் சந்தாதாரர்களை நிர்வகிக்க வசதி, ஒவ்வொருவரின் வேகத்தையும் கட்டுப்படுத்தலாம், வின்பாக்ஸ் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே செய்யலாம். எம்டிசிஎன்ஏ என்பது அதன் முதல் சான்றிதழ். மற்றவற்றைப் போல நேராகப் போய்ப் பரீட்சை மட்டும் எழுத முடியாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரின் வகுப்பில் சில நாள் உட்கார்ந்து, கடைசியில் அங்கேயே எழுத வேண்டும். 25 கேள்வி, ஒரு மணி நேரம், 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சொந்த ஊரை விட்டு வர முடியாதவருக்கும், குடும்பத்தின் கேபிள் தொழிலை இணையச் சேவையாக வளர்க்க நினைப்பவருக்கும் சிசிஎன்ஏவைவிட இது உடனே பலன் தரும். ஆனால் இந்தச் சான்றிதழோடு ஐடி சேவை நிறுவனத்துக்குப் போனால் அங்கே அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

கிளவுட் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக என் காதில் விழுகிறது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யுஎஸ் மும்பையில் 2016இலும் ஹைதராபாத்தில் 2022இலும் தன் மையங்களைத் திறந்துவிட்டது, நிறுவனங்கள் சர்வர்களை அங்கே மாற்றிக்கொண்டிருக்கின்றன, இனி யார் ரவுட்டரைத் தொடப்போகிறார்கள் என்பது கேட்கிறவர்களின் வாதம்.

கிளவுடுக்குள் போனாலும் விபிசி என்ற தனி நெட்வொர்க்கை உருவாக்கும்போது முதல் திரையிலேயே கேட்பது ஐபி முகவரிகளின் சைடர் வரம்பைத்தான், அதாவது மறுபடியும் சப்நெட்டிங். ரவுட் டேபிள், நேட் கேட்வே, விபிஎன், நிறுவனத்தின் டேட்டா சென்டரோடு வழிகளைப் பகிரும் பிஜிபி என்று அடுத்தடுத்து வருவதெல்லாம் பழைய நண்பர்களே. ஏடபிள்யுஎஸ்ஸின் அட்வான்ஸ்டு நெட்வொர்க்கிங் சான்றிதழ் 300 டாலர், 170 நிமிடப் பரீட்சை. அதை எழுத ஐந்து வருட நெட்வொர்க்கிங் அனுபவம் இருந்தால் நல்லது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. படித்து முடித்தவுடன் அதற்குத் தாவச் சொல்லி ஒருவர் பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். 150 டாலரில் இருக்கும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் புதியவர் எட்டக்கூடியது. சிசிஎன்ஏவோடு அதுவும் கையில் இருந்தால் விண்ணப்பம் தனித்துத் தெரியும். கிளவுட் மட்டும் வைத்துக்கொண்டு நெட்வொர்க் வேலை கேட்டால் நேர்காணலில் அடிப்படையில்தான் தடுக்கும்.

ஃபயர்வால் பக்கம் ஆசை உள்ளவர்கள் ஃபயர்வால் தயாரிக்கும் ஃபோர்டிநெட்டின் அடிப்படைப் பயிற்சிகளைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். நம் ஊர் நிறுவனங்கள் பலவற்றில் அதன் ஃபோர்டிகேட் ஃபயர்வால் இருப்பதால் அது வீண் போகாது.

எங்கே, எப்படிப் படிப்பது?

சான்றிதழைத் தேர்ந்தெடுப்பதைவிட அதிகப் பணம் வீணாவது இங்கேதான். மூன்று வழிகள் இருக்கின்றன: கல்லூரியில் இருக்கும் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி, தனியார் பயிற்சி மையம், சொந்தமாகப் படிப்பது.

நெட்வொர்க்கிங் அகாடமி 1997இல் தொடங்கியது. நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் அது இருக்கிறது, ஆனால் வேறு துறை மாணவர்களுக்கு இருப்பதே தெரியாது. முதலில் உங்கள் கல்லூரியில் விசாரியுங்கள். சிசிஎன்ஏ பாடம் அதில் மூன்று பகுதிகளாக வரும். மூன்றாவதை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் பரீட்சைக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்க வாய்ப்புண்டு. கல்லூரியில் இல்லாவிட்டாலும் அதன் அடிப்படைப் பாடங்களில் இணையம் வழியாகத் தனியாகச் சேரலாம். கோட்பாடு ஆழமாக வேண்டும் என்பவருக்கு இணையவழிப் பாடத்தளமான என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடங்கள் இருக்கின்றன. தரவை அனுப்பும் டிசிபி விதிமுறை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை அங்கே சொல்வதுபோல எந்தச் சான்றிதழ்ப் பாடத்திலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கமாண்ட் அடிக்க அங்கே கற்க முடியாது.

லேபுக்கு சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். சாதாரண லேப்டாப்பில் ஓடும். சிசிஎன்ஏ பாடத்தின் பெரும்பகுதியை அதிலேயே செய்துவிடலாம். அது ஒரு போலச்செய்தல் மென்பொருள்தான், எல்லாக் கமாண்டும் அதில் இருக்காது. உண்மையான ஐஓஎஸ்ஸில் பழக வேண்டும் என்றால் சிஸ்கோவின் சிஎம்எல் மென்பொருளுக்கு ஐந்து சாதனங்கள் வரை அனுமதிக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது. லேப்டாப்பில் நினைவகம் மட்டும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய சிஸ்கோ 2960 சுவிட்ச் ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கிவையுங்கள். கன்சோல் கேபிளைச் செருகி, பாஸ்வேர்டு மறந்த சுவிட்ச்சை மீட்டெடுப்பதைக் கையால் செய்து பார்ப்பதற்கு அது உதவும். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை.

லேப் செய்வதிலும் ஒரு முறை உண்டு. புத்தகத்தில் இருக்கும் கமாண்டை வரிசையாக அடித்து, வேலை செய்ததும் மூடிவைத்துவிடுவது பாதிப் பயிற்சிதான். வேலை செய்ததும் அதைக் கெடுங்கள். இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறதா? ஒரு பக்கம் மட்டும், ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹலோ செய்தியின் இடைவெளியை 10 விநாடியிலிருந்து 15 ஆக மாற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் நெய்பர் பட்டியல் காலியாகிவிடும். கேபிள் இருக்கிறது, பிங் போகிறது, ஆனால் ரவுட் மட்டும் வரவில்லை. இந்த நிலையை ஒரு நண்பரிடம் கொடுத்து, எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் ஒன்றைக் கெடுத்து உங்களிடம் தரட்டும். ஏரியா எண்ணை மாற்றிவையுங்கள், சப்நெட் மாஸ்க்கை மாற்றிவையுங்கள். எல்1இலிருந்து எல்2 ஆக உயர்த்துவது இந்தப் பழக்கம்தான்.

அப்படியானால் பயிற்சி மையமே தேவையில்லையா? சிலருக்குத் தேவை. ஆங்கிலத்தில் தானாகப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுபவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் நல்ல ஆசிரியர் கிடைத்தால் அந்தக் கட்டணம் நியாயமானதே. வீட்டில் உட்கார்ந்தால் படிப்பு ஓடாது, வகுப்பு என்று ஒன்று இருந்தால்தான் நடக்கும் என்பவருக்கும் அப்படியே. சேரும் முன் ஒரு டெமோ வகுப்பில் உட்காருங்கள். ஆசிரியர் நெட்வொர்க்கில் வேலை பார்த்தவரா என்று கேளுங்கள். வகுப்பு நேரத்தில் எவ்வளவு லேப் என்று கேளுங்கள். கட்டணத்தில் பரீட்சை அடக்கமா, தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிசிஎன்ஏ, அதற்கு அடுத்த நிலையான சிசிஎன்பி, லினக்ஸ், கிளவுட், ஃபயர்வால் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்றால், அதில் சிசிஎன்ஏவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள். பதிலே முடிவைச் சொல்லிவிடும்.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று 'டம்ப்ஸ்', அதாவது திருடிய கேள்வித்தாளை மனப்பாடம் செய்து எழுதுவது. சிஸ்கோ கண்டுபிடித்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யும், மேற்கொண்டு பரீட்சை எழுதவே தடை போடும். கண்டுபிடிக்காவிட்டாலும் நேர்காணலில் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். மற்றொன்று போலி அனுபவச் சான்று. "இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், ஃபிரெஷர் என்றால் எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லிப் பணம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பின்னணியைச் சரிபார்க்கும்போது பிஎஃப் பதிவைப் பார்க்கின்றன. அதில் இல்லாத நிறுவனம் விண்ணப்பத்தில் இருந்தால் வேலை போகும், அந்த நிறுவனத்தின் கதவும் நிரந்தரமாக மூடிவிடும். வீட்டில் நகை வைத்துக் கொடுத்த பணத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லாமல் இல்லை, வழி சொன்னவர்கள் சரியில்லை.

சிசிஎன்பி எப்போது?

வேலையில் சேர்ந்த பிறகு. சிசிஎன்பி எண்டர்பிரைஸுக்கு இரண்டு பரீட்சை: என்கோர் 400 டாலர், கூடவே எனார்சி போன்ற ஒரு சிறப்புப் பாடம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் எழுபதாயிரத்தைத் தாண்டும். அனுபவமே இல்லாமல் சிசிஎன்பி மட்டும் வைத்திருப்பவரை எல்1 வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள், எல்2 வேலைக்கு அனுபவம் கேட்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டாம். அதோடு, வேலையில் சேர்ந்தபின் பரீட்சைக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு. சேர்ந்த முதல் மாதமே மனிதவளத் துறையில் கேட்டுவிடுங்கள், கேட்காததால் கிடைக்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

சிசிஎன்ஏ மூன்று வருடம் செல்லும். காலாவதியாகப் போகிறதே என்று அதே பரீட்சையைத் திரும்ப எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். தேவையில்லை. அந்த மூன்று வருடத்துக்குள் என்கோர் ஒன்றில் தேறினாலே சிசிஎன்ஏவும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டுவிடும். பரீட்சையே வேண்டாம் என்றால், சிஸ்கோ அங்கீகரித்த பயிற்சிகளின் மூலம் 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தாலும் போதும். சிஸ்கோ தன் தளத்தில் அவ்வப்போது சில பயிற்சிகளை இலவசமாகத் திறந்துவிடும்போது அந்தப் புள்ளிகளில் ஒரு பகுதியைச் செலவில்லாமலே சேர்த்துவிடலாம். தேர்ச்சி பெற்ற நாளிலேயே காலாவதித் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் அந்த வாய்ப்புகள் வரும்போது கண்ணில் படும்.